தாய்மாமனுக்கு ஒரு போட்டோ

மனிதர்கள் பேசுவதற்குப் போன் வாங்குகிறார்கள், படம் பார்க்க வாங்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்ற வயிற்றெரிச்சலில் வாங்குகிறவர்களும் உண்டு. கொளஞ்சியப்பன் வாங்கக் கிளம்பியதோ ஒரு பேனருக்காக. தங்கச்சி மகள் காதணி விழா பேனரில் தாய்மாமன் முகம் தாய்மாமன் முகமாகவே தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் டிரைவர் அவர். டிராக்டர் வேறொருவருடையது, ஆனால் அதன் இருமல் சளி எல்லாம் இவருக்குத்தான் தெரியும். அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு, மற்ற நாளில் கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு லோடு. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி அம்சவள்ளிக்கு முடியட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டார்கள். முடிந்ததும் அப்பா படுக்கையில் விழுந்தார், அவருக்குப் பின்னால் அம்மா. இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது பெண் பார்க்கலாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தானே போய்ச் சொல்கிற ஆளும் அவரில்லை. இதற்காக அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை. சமைப்பார், சாப்பிடுவார், டிராக்டரைக் கழுவுவார், தூங்குவார். உறவு என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்ள எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அம்சவள்ளி ஒருத்திதான்.

அதனால்தான் தாய்மாமன் என்கிற பதவி அவருக்கு உயிர். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பந்தல் போடுவதற்கு முன்னால் பேனர் வந்துவிடும். நடுவில் குழந்தை, பக்கத்தில் அப்பா அம்மா, சுற்றிலும் வட்ட வட்டமாகச் சொந்தபந்தங்கள், கும்பிட்ட கையோடு, கூலிங் கிளாஸோடு. யார் முகம் எவ்வளவு பெரிது என்பதை அளந்து பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் சாப்பிடவே உட்காருவார்கள். தாய்மாமனுக்கு அதில் தனி இடம், பேருக்கு மேலே தனி எழுத்து.

மூத்தவள் தனுஷாவின் மஞ்சள் நீராட்டு விழாவில் அந்த இடத்தில் நடந்த அநியாயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. லைசென்ஸுக்கு எடுத்த பழைய போட்டோ ஒன்றைத் தன் உடைந்த போனால் படம் பிடித்து அனுப்பினார். அது வாட்ஸ்அப்பில் போன் மாறிப் போன் போய், தேய்ந்து, பேனர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் மூக்கு எது, மீசை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிவிட்டார்கள். குழந்தையின் சித்தப்பா தமிழ்வேந்தன் பக்கத்து வட்டத்தில் பல் பளபளக்கச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக நின்றார். சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு அம்மா அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகிவிட்டாள்.

“ஏம்மா, ஒங்க அண்ணன் எப்ப தவறுனாரு? எனக்கு யாருமே சொல்லலயே.”

அண்ணன் அப்போது பின்னால் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாக வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதருக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி விழும்.

இப்போது சின்னவள் தேவதர்ஷினிக்கு மாசி மாதத்தில் காது குத்து. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அம்சவள்ளி போனில் கூப்பிட்டு, இந்தத் தடவையாவது நல்ல போட்டோ அனுப்பு, இல்லையென்றால் எவனாவது மாலை கொண்டுவந்து போட்டுவிடுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பேசாமல் ஸ்டுடியோவில் போய் ஒன்று எடுத்துக்கொள் என்றும் சொன்னாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஸ்டுடியோ கிஸ்டுடியோல்லாம் வேணாம் அம்சா. புதுப் போனே வாங்கி, அதுலயே எடுத்து அனுப்புறேன். பேனர் கிழிஞ்சாலும் மூஞ்சி கிழியாது பாரு.”

உண்மையில் ஸ்டுடியோவுக்குப் போகக் கூச்சம். போன தடவை அங்கே நுழைந்ததும் ஸ்டுடியோக்காரர் கேட்ட முதல் கேள்வி, பெண் பார்க்கிறீர்களா அண்ணே என்பதுதான். இந்த வயதில் ஒரு பிரம்மச்சாரி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தால் ஊருக்கு வேறென்ன தோன்றும்?

ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற டிராக்டர்காரர்களுக்குப் பொழுது போக வேண்டும். கொளஞ்சியப்பன் போன் வாங்கப் போகிறார் என்றதும் ஆளாளுக்கு நிபுணர் ஆகிவிட்டார்கள். மெகா பிக்சல் ஜாஸ்தி இருக்கிறதை வாங்கு என்றார் ஒருவர். பின்னாடி எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணி வாங்கு என்றார் இன்னொருவர். வரிசையில் எப்போதும் இவருக்கு அடுத்து நிற்கும் காசிநாதன், டிஸ்ப்ளே நன்றாக இருந்தால் கேமரா தானாகவே நன்றாக இருக்கும் என்று அடித்துச் சொன்னார். கொளஞ்சியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், எதையும் நம்பவில்லை. ஹார்ஸ்பவர் எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கிய டிராக்டர் சேற்றில் கரும்பு லோடோடு முக்கிக்கொண்டு நிற்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எண் எல்லாம் காகிதத்தில். இழுக்கிறதா என்பதைச் சேற்றில்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஞானத்தோடு ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த பெரிய கடை. உள்ளே பகலிலேயே அத்தனை விளக்கும் எரிந்தது. கோகிலவாணி என்று சட்டையில் பேர் குத்திய பெண் அவரை உட்காரச் சொல்லி இரண்டு போன்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் ஏதோ ஒரு மலை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண்ணைக் குத்தியது. கொளஞ்சியப்பன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா இது, மழ பேஞ்சி ஓஞ்ச அன்னிக்கே வெள்ளிமலையில இம்மாம் பச்சை கெடையாதே.”

அந்தப் பெண் நல்ல பெண். தன் சரக்கை விட்டுக்கொடுக்கிறோமே என்று பார்க்காமல் சிரித்துவிட்டாள். அது கம்பெனிக்காரர்கள் அழகாகத் தெரிவதற்கென்றே எடுத்துப் போட்டுவிட்ட வீடியோ, அதை வைத்து டிஸ்ப்ளேவை எடை போடாதீர்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளின் போட்டோ ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள் என்றாள். கொளஞ்சியப்பனிடம் டிராக்டர் போட்டோ இருந்தது. டிராக்டர் போட்டோ மட்டும்தான் இருந்தது. அதை இரண்டு போனுக்கும் அனுப்பிக் காட்டினாள். பளபளப்பான போனில் டிராக்டரின் சிவப்பு, திருவிழா பலூன் மாதிரி ரோஸாக எரிந்தது. இன்னொன்றில் வெயிலில் காய்ந்து, டீசல் பட்டு, தினமும் அவர் கையால் துடைக்கப்படுகிற அதே சிவப்பு அப்படியே நின்றது.

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். தன் பிழைப்பு வெயிலில்தான், கடைக்குள் எரிகிற விளக்கிலா போன் பார்க்கப் போகிறோம் என்று நியாயம் வேறு சொன்னார். நட்டநடு வெயிலில் பளபளப்பான போனின் திரை இருண்டு போய்ச் சொந்த முகத்தைத்தான் காட்டியது. மற்றொன்றில் எழுத்தைப் படிக்க முடிந்தது. சாய்த்துப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். கோகிலவாணி வாசற்படியில் நின்று, இவர் போனோடு ஓடிவிடுவாரோ என்று காவலுக்கு நிற்கிறவள் மாதிரி தெரியாமல் இருக்கப் பாடுபட்டாள்.

அடுத்தது கேமரா. வெள்ளிமலைக்குப் போகிற பஸ் ஒன்று ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி வளைந்துகொண்டிருந்தது. இரண்டு போனிலும் அதை ஓட ஓடப் பிடித்தார். பிறகு நிழலில் நின்று பெரிதாக்கிப் பார்த்தார். மெகா பிக்சல் ஜாஸ்தி என்று பெயர் வாங்கிய பளபளப்புப் போனில் பஸ் ஒரு வண்ணக் கோடு, போர்டில் எழுத்தே இல்லை. கம்மி என்று சொன்னதில் வெள்ளிமலை என்று படிக்க முடிந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது. அதோடு விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருட்டில் கிடந்த விளக்குமாற்றைப் படம் எடுத்தார். எதிரே கரும்புச்சாறு பிழிகிறவரைக் கேட்டு அவரையும் இரண்டிலும் எடுத்தார். கருகருவென்று கட்டுமஸ்தாக இருந்த அந்த மனிதர் பளபளப்புப் போனில் வெளுத்து, கன்னம் வழவழத்து, யாரோ ஊர் விட்டு ஊர் வந்த மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

“இந்த மனுசனுக்கு சுண்ணாம்பு அடிச்சி வச்சிருக்குதே. எனக்கு இது வேணாம்மா. என்னப் பாத்தா எங்க ஊட்டுப் புள்ளைக்கு நாந்தான்னு தெரியணும்.”

அந்த அழகுபடுத்தும் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அவள் சொன்னாள். சொல்லாமல் செய்கிறதை எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். அவள் பளபளப்புப் போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஆக, போன் முடிவாகிவிட்டது. பெட்டியைக் கட்டப் போகும்போது கோகிலவாணி, எதற்கும் முன்பக்கக் கேமராவிலும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள் அண்ணா, செல்ஃபி எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும் என்றாள். கடையில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் கையை நீட்டி, கழுத்தைச் சாய்த்து, தன்னைத்தானே எடுத்துக்கொள்வதா? கொளஞ்சியப்பன் காது சூடாகிவிட்டது. நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லைம்மா என்று பெரிய மனிதர் தோரணையில் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸை எடுத்தார், விளக்குமாற்றை எடுத்தார், முன்பின் தெரியாத கரும்புச்சாறுக்காரரை எடுத்தார். போன் வாங்க வந்த காரணத்தை, அதாவது தன் முகத்தை மட்டும் எடுத்துப் பார்க்காமல் வந்துவிட்டார் என்பது வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. பின்பக்கக் கேமராவைப் பிடிக்க எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவர் வீட்டில் எதிரில் நிற்க ஆள் கிடையாது.

சரி, செல்ஃபிதான் என்று ஆரம்பித்தார். முன்பக்கக் கேமரா படு மோசம். வானம் வெளுத்தது, முகம் குழைந்தது, மூக்கு மட்டும் முதலில் வந்து நின்றது. கையை எவ்வளவு தள்ளி நீட்டினாலும் படத்தின் ஓரத்தில் கை வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தனுஷா விழாப் பேனரில் இருந்த அதே சாம்பல் மனிதர். பின்பக்கக் கேமராவைத் திருப்பிக் குத்துமதிப்பாக எடுத்தார், நெற்றி வந்தது, தென்னை மரம் வந்தது. டிரெய்லரில் கரும்புக் கட்டுக்கு நடுவே போனைச் செருகி, நேரம் வைத்து எடுக்கிற வசதியைக் கண்டுபிடித்து, ஓடிப்போய் நின்றார். போய்ச் சேர்வதற்குள் அது எடுத்துவிட்டது. பிசிறில்லாமல், தையல் பிரிந்தது முதற்கொண்டு தெரிகிற மாதிரி, அவர் முதுகை.

யாரையாவது எடுக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். காசிநாதனிடம் சொன்னால் போதும், எடுத்துவிடுவார். எடுத்ததும் மாப்பிள்ளை போட்டோ ரெடி என்று வரிசை முழுக்க ஒலிபரப்பிவிடுவார், அரவை முடிகிற வரை அதே பேச்சாக இருக்கும். மற்ற கேலியெல்லாம் கொளஞ்சியப்பன் தாங்குவார். அந்த ஒரு கேலிக்கு மட்டும் அவரால் சிரிக்க முடியாது. அம்சவள்ளி தினமும் கேட்டாள், இதோ அனுப்புகிறேன் என்று தினமும் சொன்னார். பேனர் கடைக்காரர் நெருக்குகிறார் என்றாள். எனக்குப் பதிலாகப் பூ ஏதாவது போட்டுவிடச் சொல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தார். நினைத்த கையோடு வெள்ளைச் சட்டையை எடுத்து மறுபடியும் மாட்டினார்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் அம்சவள்ளியே வந்துவிட்டாள். தாய்மாமனுக்குத்தான் முதல் அழைப்பு வைக்க வேண்டும், அதுவும் நேரில். வீடு பூட்டியிருக்கவே ஆலைக்கு வந்து, வரிசையாக நின்ற டிராக்டர்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு டிராக்டரைத் தேடிப் பிடித்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. கொளஞ்சியப்பன் லுங்கியும் கரும்புச் சோகைத் தூசு படிந்த பனியனுமாக டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். சுற்றியிருந்த டிரைவர்கள் மரியாதையாகப் பீடியை அணைத்தார்கள்.

தட்டைக் கொடுத்த கையோடு போனைக் கொடு என்றாள். பேனர் கடைக்குப் போகிற வழியில் இறங்கி வந்திருக்கிறேன், போட்டோ இல்லாமல் போக மாட்டேன் என்றாள். அவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. டிராக்டர் நிழலில் உட்கார்ந்து அம்சவள்ளி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஆலைப் புகைக்கூண்டு, கரும்புக் கொல்லை, மலைமேல் ஏறுகிற மேகம், டிராக்டர், மறுபடியும் டிராக்டர். எல்லாம் பளிச்சென்று இருந்தன. பிறகு வரிசையாக வந்தது வெள்ளைச் சட்டை. அதே சட்டை, அதே வாசல், எல்லாவற்றிலும் ஒரு பக்கத்தில் நீண்டுகொண்டிருக்கும் அதே கை, கரைந்து போன முகம். தள்ளத் தள்ள அதுவே வந்தது. முதலில் அவள் சிரித்தாள்.

“ஏண்ணா, எல்லாத்துலயும் ஒன் கையே நீட்டிக்கினு இருக்குது?”

“எடுக்க ஆளு வேணாமா அம்சா.”

சாதாரணமாகத்தான் சொன்னார். போன் முன்பக்கக் கேமரா சரியில்லை, பார்க்காமல் வாங்கிவிட்டேன், பின்பக்கம் மட்டும் எடுத்துப் பார், வெள்ளிமலை பஸ் போர்டையே படிக்கலாம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். அம்சவள்ளி அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. அந்த வெள்ளைச் சட்டைப் படங்களை மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இப்படி வந்து நில்லு என்றாள். அவர் நின்றார், லைசென்ஸ் ஆபீசில் நிற்கிற மாதிரி. இந்த பனியனோடா, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அவளே எடுக்கப் போகிறாள் என்று நினைத்து மீசையை நீவிவிட்டார். அவளோ திரும்பி, அடுத்த டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து நடந்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காசிநாதனைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் நின்று, தாம்பூலத் தட்டின் ஒரு ஓரத்தை அவர் கையில் கொடுத்து, மறு ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டாள்.

கொளஞ்சியப்பன் காசிநாதன் வாயையே பார்த்தார், அதிலிருந்து என்ன கேலி வரப்போகிறதோ என்று. ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தார், வெயில் முகத்தில் விழுகிற மாதிரி அண்ணனையும் தங்கச்சியையும் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார், இரண்டு முறை எடுத்தார். எடுத்துப் பார்த்துவிட்டு, மூஞ்சி நல்லா வந்துக்குதுய்யா என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நன்றாகத்தான் வந்திருந்தது. சோகைத் தூசு, மீசையில் நரை, கழுத்தில் வேர்வை, எல்லாம் இருந்தன. அது கொளஞ்சியப்பன்தான், சந்தேகமே இல்லை. பனியனோடு பேனரில் நிற்பதா என்று அவர் கடைசிவரை முனகினார். அம்சவள்ளி போனையே வாங்கிக்கொண்டு போய், பேனர் கடையில் படத்தை நேராக இறக்கிவிட்டுத்தான் திருப்பி அனுப்பினாள்.

காது குத்து அன்றைக்குச் சீர்த் தட்டுகளோடு எலவனாசூர்கோட்டையில் போய் இறங்கியவர் பேனரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வட்டத்துக்கு ஒரு ஆளாக எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் என்று எழுதிய வட்டம் மட்டும் மற்றதை விடப் பெரிதாக இருந்தது, அதில் இரண்டு பேர் நின்றார்கள், நடுவில் தாம்பூலத் தட்டு. தன்னை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தமிழ்வேந்தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்சவள்ளி அந்தப் பக்கம் வந்ததும் தன் சந்தேகத்தைக் கேட்டுவிட்டான். அண்ணி படம் குழந்தைக்குப் பக்கத்தில் பெரிதாக இருக்கிறதே, அது போதாதா, மாமன் படத்திலும் எதற்கு இன்னொரு தடவை, அந்த இடத்தில் இன்னும் ஒரு ஆளைப் போட்டிருக்கலாமே என்றான். கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, இட நெருக்கடிதான்.

“இருக்கட்டும் தம்பி. எங்க அண்ணன் அங்க தனியா நிக்க வேணாம்.”

சொல்லிவிட்டுப் பந்தி கவனிக்கப் போய்விட்டாள். கொளஞ்சியப்பன் பின்னால் நின்றதை அவள் பார்க்கவில்லை. உள்ளே ஆசாரி கம்மலைத் தயாராக வைத்துக்கொண்டு, மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டார். அவர் துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள உள்ளே போனார்.